என் லோக்கல் ஏன் லோக்கல் மாதிரி இல்லை? (மும்பை லோக்கல் ரயில் மாடல், 1:87, மூன்று டப்பா, செம்பூரிலிருந்து)

செம்பூர்க்காரன்:
படம் நாலு போட்டிருக்கிறேன். முதலில் பார்த்துவிட்டு அப்புறம் படியுங்கள்.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் என்று எட்டு மாதம் உட்கார்ந்து செய்தது. சீமென்ஸ் ரேக் (டப்பாக்கள் கோத்த முழு வண்டி), வெள்ளை ஊதா. ஓட்டுநர் அறை உள்ள டப்பா ஒன்று, பாண்டோ (மேல் கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் கை) உள்ள மோட்டார் டப்பா ஒன்று, சாதா டப்பா ஒன்று. உடம்பு பிளாஸ்டிக் ஷீட், தரை சன்போர்டு, கூரை மேல் இருக்கும் காற்றுப் பெட்டிகள் அக்ரிலிக் துண்டு. போகியும் (சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) சக்கரமும் மட்டும் வெளிநாட்டு ஹெச்.ஓ. மாடல் வண்டி ஒன்றிலிருந்து கழற்றியவை. வண்டி முகப்பில், லேமிங்டன் ரோட்டில் வாங்கிய பொடி எல்.ஈ.டி. எரிகிறது.

எல்லாம் இருக்கிறது, ஆனால் லோக்கல் மாதிரி இல்லை. எங்கே தப்பு என்று ஒரு வாரமாகப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. என் மகள் (இரண்டாம் வகுப்பு) பார்த்துவிட்டு, "அப்பா, இது நாம ஊருக்குப் போற வண்டிதானே?" என்று கேட்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கண் கூர்மையானவர்கள் சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.

விரார்ஃபாஸ்ட்:
முதலில் பாராட்டு. முன் கண்ணாடிக்கு மேல் கல்லடி படாமல் இருக்கப் போடும் வலையைக்கூட விடவில்லை. எதில் செய்தீர்கள், துப்பட்டாத் துணியா?

என் கண்ணுக்கு நிறம்தான் தப்பு. நிஜ வண்டியின் ஊதாவை அப்படியே கலந்து அடித்திருக்கிறீர்கள் போல. சின்ன உருவத்தில் அப்படி அடித்தால் கருத்துத் தெரியும். ஒரு சொட்டு வெள்ளையோ சாம்பலோ சேர்த்து வெளுக்க வைக்க வேண்டும். தூரத்தில் நிற்கும் வண்டிக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் காற்றே நிறத்தைக் கொஞ்சம் தின்றுவிடும் இல்லையா, அந்தக் கணக்கு. வெள்ளையும் அப்படித்தான். பெயின்ட் டின்னைத் திறந்து அப்படியே அடித்த வெள்ளை எந்த லோக்கலிலும் கிடையாது. தயிர் நிறத்துக்கு இறக்குங்கள்.

மாட்டுங்காமாமா:
தம்பி, வண்டி சுத்தமாக இருக்கிறது. அதுதான் நோய்.

பணிமனையிலிருந்து வெளியே வந்த அன்றைக்கு மட்டும்தான் லோக்கல் இப்படி இருக்கும். போகிக்கு மேலே உடம்பின் அடிப்பாகத்தில் பிரேக் தூசி ஏறி ஒரு செம்பழுப்பு வர வேண்டும். கூரையில் பாண்டோவைச் சுற்றிக் கரி. கதவு ஓரத்தில், கீழே, வெற்றிலை எச்சில் வழிந்த கோடு. அது இல்லாத டப்பாவை மேற்கு, மத்திய, ஹார்பர் மூன்று தடத்திலும் தேடிப் பார், கிடைக்காது. ஜன்னல் மூலையிலிருந்து மழைத் தண்ணீர் இறங்கிய தாரை.

ஏர்பிரஷ் எல்லாம் வேண்டாம். காவிக்கட்டியும் அடுப்புக்கரியும் உரசிப் பொடி எடு. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தடவு. எச்சில் கறைக்கு மாத்திரம் பொடி உதவாது. டீ டிகாஷனைக் கெட்டியாகச் சுண்ட வைத்து, ஊசி முனையில் தொட்டு, ஒரே இழுப்பு. இரண்டு தடவை இழுத்தால் போச்சு, பெயின்ட் மாதிரி தெரியும்.

முலுண்ட்அக்கா:
லேடீஸ் எங்கே? மூன்று டப்பா செய்திருக்கிறீர்கள், ஒன்றில்கூடப் பெண்கள் ஏற இடம் இல்லை. பச்சைப் பட்டையும் இல்லை, பர்ஸ்ட் கிளாஸ் பட்டையும் இல்லை. ஜன்னல் வலையும் இல்லை. பட்டை இல்லாமல் லோக்கலைப் பார்த்தால் பொட்டில்லாத முகம் மாதிரிதான் இருக்கும்.

இருபது வருஷமாக முலுண்டிலிருந்து போய் வருகிறேன். வண்டி உள்ளே வரும்போது நான் பார்ப்பது எண்ணையும் அல்ல, நிறத்தையும் அல்ல. அந்தச் சாய்ந்த கோடுகள் எந்தத் தூணுக்கு நேரே நிற்கின்றன என்பதைத்தான்.

ஜப்பான்பைத்தியம்:
எல்லோரும் அடிக்க வருவீர்கள், தெரியும். ஆனாலும் கேட்கிறேன், ஏன் இந்தக் கஷ்டம்? கேட்டோ கம்பெனியின் யாமனோதே ரயில் (டோக்கியோவின் லோக்கல்), 'N' அளவு. பெட்டியைத் திறந்து தண்டவாளத்தில் வைத்தால் ஓடுகிறது. பதினோரு டப்பா முழு வண்டியும் என் படிப்பு மேஜையில் அடங்குகிறது. கதவு விளிம்பில் இருக்கும் ரப்பர்கூடத் தனி நிறம். இந்த விலைக்கு இவ்வளவு நுணுக்கம் நாம் கையால் செய்ய முடியாது.

விரார்ஃபாஸ்ட்:
@ஜப்பான்பைத்தியம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் யாமனோதேயில் நீங்கள் என்றைக்காவது செருப்பைத் தொலைத்திருக்கிறீர்களா?

அரைமில்லிமீட்டர்:
யாரும் தொடாத இடத்துக்கு வருகிறேன். தண்டவாளம்.

ஹெச்.ஓ. என்பது 1:87. அதன் பாதை, அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் உள்ள அகலம், 16.5 மி.மீ. 87-ஆல் பெருக்கினால் 1435, அதாவது ஐரோப்பியப் பாதை. நம்முடையது 1676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19.26 வரும். ஆக உங்கள் வண்டி கிட்டத்தட்ட 3 மி.மீ. குறுகிய பாதையில் நிற்கிறது. முன்னாலிருந்து எடுத்த இரண்டாவது படத்தைப் பாருங்கள். சக்கரம் இரண்டும் வயிற்றுக்கடியில் ஒடுங்கிக் கிடக்கின்றன. யானையை முக்காலியில் ஏற்றியது மாதிரி.

தீர்வு ஒன்றுதான். அச்சை மாற்றி 19.3-க்கு விரித்து, தண்டவாளத்தையும் கையால் போட வேண்டும்.

ஜப்பான்பைத்தியம்:
அரைமில்லி அண்ணே, அப்படிப் பார்த்தால் உலகத்தில் யாருமே யோக்கியன் இல்லை. என் ஜப்பான் வண்டிகள் 1:150, பாதை 9 மி.மீ. பெருக்கினால் 1350. நிஜத்தில் அவர்கள் பாதை 1067. அங்கே பாதை அகலமாகிவிட்டது, இங்கே குறுகிவிட்டது. பிரிட்டிஷ்காரன் ஓ.ஓ. அளவு இன்னும் மோசம். 1:76 வண்டியை அதே 16.5 பாதையில் ஓட்டுகிறான், கணக்குப்படி 1257 மி.மீ.தான் வரும். சொந்த ஊர்ப் பாதையையே ஏழு அங்குலம் சுருக்கிவிட்டு நிம்மதியாக இருக்கிறான்.

அரைமில்லிமீட்டர்:
நிம்மதியாக இல்லை. அதனால்தான் அங்கேயே ஒரு கூட்டம் 18.2 மி.மீ. பாதை போட்டது, அதுவும் போதாதென்று இன்னொரு கூட்டம் 18.83-க்குப் போனது. தப்பு எல்லோரும் செய்வதால் சரியாகிவிடாது.

90அடிரோடு:
நீங்கள் இரண்டு பேரும் தனி இழை தொடங்குங்கள் சாமி.

செம்பூர் அண்ணே, ஜன்னல் கம்பி தடிமனாகத் தெரிகிறது. என்ன போட்டீர்கள்? நான் பழைய மோட்டார் சுருளிலிருந்து செம்புக் கம்பி உருவி, இரண்டு முனையையும் குறடால் பிடித்து ஒரு இழு இழுத்து நேராக்குவேன். லோகார் சாலில் புதுக் கம்பியும் எடைக்குக் கிடைக்கும். ஃபெவிக்விக் வேண்டாம், கண்ணாடியில் வெள்ளைப் பூ பூத்துவிடும். கண்ணாடி வைத்த பிறகு ஃபெவிக்விக் பக்கமே போகாதீர்கள்.

செம்பூர்க்காரன்:
எல்லோருக்கும் நன்றி. நாலு நாள் வேலை செய்தேன், புதுப் படங்கள் கீழே.

1. மாமா சொன்ன பொடி. அருமை. எச்சில் கோடு மூன்றாவது முயற்சியில் வந்தது. வீட்டில் டிகாஷன் டம்ளரைப் பார்த்து யாரோ காபி என்று குடிக்கப் போய்ப் பெரிய ரகளை.
2. அக்கா, பட்டைகள் போட்டாயிற்று. டெக்கால் (ஒட்டும் அச்சுப் படம்) அச்சடிக்கக் கொடுத்த கடை சாய்வைத் தலைகீழாக அச்சடித்துவிட்டு "எல்லாம் ஒன்றுதானே சாப்" என்றான். திரும்ப அடிக்க வைத்தேன்.
3. ஊதாவை வெளுக்கவில்லை. தைரியம் வரவில்லை.

முன்னேற்றம்தான், ஆனாலும் அந்த "ஊர் வண்டி" போகவில்லை. இப்போது அழுக்கான ஊர் வண்டியாக இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. உள்ளே ஆட்களை வைக்கலாம் என்று கூரையைக் கழற்றினேன். இருக்கைகளை மூன்று பேர் உட்காரும் நீளத்துக்குச் செய்து, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று ஒட்டியிருந்தேன். வண்டியில் போகும்போது சாணால் அளந்தது: ஆறு சாண், சுமார் 1.3 மீட்டர், இந்த அளவில் 15 மி.மீ. இப்போது நடுவழியில் ஒரு ஆளை நிறுத்தினால் தோள் இடிக்கிறது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவே முடியாது. பொம்மை பெரிதா, இருக்கை பெரிதா?

ஷெட்டில்31வருஷம்:
வணக்கம். படிப்பேன், எழுத மாட்டேன். இதற்கு எழுதியே ஆக வேண்டும்.

தம்பி, உன் டப்பாவின் அகலம் என்ன? வெளிப்பக்கம், சுவர் முதல் சுவர் வரை. ஸ்கேல் வைத்து அளந்து சொல்.

செம்பூர்க்காரன்:
37 மி.மீ. சார். நீளம் 245.

ஷெட்டில்31வருஷம்:
நினைத்தேன்.

நம் லோக்கல் டப்பா 3660 மி.மீ. அகலம். பன்னிரண்டு அடி. 87-ஆல் வகு. 42 வரும். உன்னுடையது 5 மி.மீ. ஒல்லி.

37 எங்கிருந்து வந்தது என்று நானே சொல்லிவிடுகிறேன். "ஐ.சி.எஃப். கோச்" என்று தேடி ஒரு வரைபடம் எடுத்திருப்பாய். பெரம்பூரில் 1955-இல் ஆரம்பித்த அதே தொழிற்சாலைதான் லோக்கலையும் செய்கிறது, மெட்ராஸ் மெயில் டப்பாவையும் செய்தது. ஆனால் இரண்டும் வேறு உடம்பு. மெயில் டப்பா 3245 மி.மீ. அகலம், 21.3 மீட்டர் நீளம். லோக்கல் அதைவிடக் குட்டை, 20.7 மீட்டர், ஆனால் ஒரு முழத்துக்கு மேல்... இல்லை, முழம் இல்லை, இரண்டு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக அகலம் கூட. குட்டையும் தடியுமானது. நீ மெயில் டப்பாவின் உடம்பில் லோக்கல் கதவை வெட்டி, லோக்கல் பெயின்ட் அடித்திருக்கிறாய்.

உன் குழந்தை முதல் நாளே சொல்லிவிட்டது. "ஊருக்குப் போற வண்டி."

மாட்டுங்காமாமா:
அடடா! நான் எச்சில் கோட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேனே.

முலுண்ட்அக்கா:
42 கழித்தல் 37 ஐந்து மி.மீ. நிஜத்தில் 43 சென்டிமீட்டர். அதாவது சரியாக ஒரு ஆள் அகலம். நம் ஊரே அந்த ஒரு ஆள் இடத்தில்தான் பிழைக்கிறது. மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஒண்டுகிறவர்கள் நீட்டிக்கொண்டு உட்கார்ந்த பிறகும் நடுவில் கூட்டம் நிற்பது அதனால்தான்.

செம்பூர்க்காரன்:
ஷெட் சார், நேரில் இருந்தால் காலில் விழுந்திருப்பேன். வரைபடத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். மேலேயே "ஸ்லீப்பர்" என்று இருக்கிறது. எட்டு மாதமாக அந்தத் தலைப்பை நான் படிக்கவில்லை.

இப்போது என்ன செய்வது? கூரையை நெடுக அறுத்து நடுவில் 5 மி.மீ. பட்டை ஒட்டலாமா?

90அடிரோடு:
அறுக்காதீர்கள். கூரை வளைவு நடுவில் மொட்டையாகிவிடும். முன் முகம் என்ன ஆவது? ஓட்டுநர் கண்ணாடி, விளக்கு எல்லாம் இடம் மாறும். நீளத்தில் வேறு 7 மி.மீ. வெட்ட வேண்டும், அப்போது ஜன்னல் கணக்கு இடிக்கும். போகி, பாண்டோ, விளக்கு, காற்றுப் பெட்டி எல்லாவற்றையும் கழற்றி வைத்துக்கொண்டு உடம்பைப் புதிதாகச் செய்யுங்கள். இரண்டாவது தடவை எட்டு மாதம் ஆகாது, இரண்டு மாதத்தில் முடியும்.

விரார்ஃபாஸ்ட்:
பழைய உடம்புக்கு நீலம் அடித்து நிஜமாகவே ஊர் வண்டி ஆக்கிவிடுங்களேன்.

90அடிரோடு:
வண்டி நெடுக அகல வாசல் வெட்டி வைத்திருக்கிறாரே. நாகர்கோவில் வரை திறந்த வாசலோடு போவதா?

அரைமில்லிமீட்டர்:
வருத்தத்தோடு ஒன்று சொல்கிறேன். உடம்பு 42 ஆனால் 16.5 பாதை இன்னும் அசிங்கமாகத் தெரியும். முக்காலியில் இன்னும் பெரிய யானை.

ஷெட்டில்31வருஷம்:
தெரியட்டும். பிளாட்பாரத்தோடு சேர்த்து வைத்தால் சக்கரம் யார் கண்ணில் படப்போகிறது? லோக்கலை நாம் பார்ப்பதே பிளாட்பாரத்திலிருந்துதான். புனேயில் ஜோஷியின் குட்டி ரயில் அருங்காட்சியகம் இருக்கிறதே, 1998-இலிருந்து மக்கள் பார்க்கிறார்கள், என் பேரனைக் கூட்டிப் போனேன். அங்கே யாரும் ஸ்கேலோடு வந்து குனிந்து பாதையை அளக்கவில்லை. அவ்வளவு பேரும் வண்டி வரும்போது "வருது வருது" என்றுதான் கத்தினார்கள்.

அரைமில்லிமீட்டர்:
நான் போயிருந்தால் அளந்திருப்பேன்.

டோம்பிவிலி812:
இழை முழுக்கப் படித்துவிட்டு வருகிறேன். புது உடம்பு செய்வதாக இருந்தால் ஒரு வேண்டுகோள்.

வாசலில் ஆள் தொங்குவது மாதிரி வைக்காதீர்கள். முந்தைய இழையில் ஒருவர் அப்படிச் செய்து போட்டிருந்தார், எல்லோரும் "செம தத்ரூபம்" என்று எழுதியிருந்தார்கள். என்னால் முடியவில்லை. 2025 ஜூன் 9, மும்ப்ரா வளைவு. இரண்டு வண்டி எதிரெதிரே போகும்போது வாசலில் நின்றவர்கள் விழுந்தார்களே. அன்றைக்குக் காலை நானும் அதே தடத்தில்தான் போனேன்.

மாட்டுங்காமாமா:
தம்பி, புரிகிறது. ஆனால் காலி வாசலோடு எட்டரை மணி லோக்கல் என்று சொன்னால் அது பொய் இல்லையா? இருப்பதைக் காட்டத்தானே மாடல்.

டோம்பிவிலி812:
இருப்பதை எல்லாம் அலமாரியில் வைக்க வேண்டும் என்று இல்லை மாமா. மத்தியான இரண்டு மணி வண்டியும் லோக்கல்தான். கதவு இரண்டு பக்கமும் தள்ளித் திறந்து, வாசல் நடுக்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு ஆள் காற்று வாங்குவான். அதைச் செய்யுங்கள்.

முலுண்ட்அக்கா:
எனக்கு இந்த யோசனை பிடித்திருக்கிறது. லேடீஸில் மத்தியானம் கீரை ஆய்ந்துகொண்டே போவார்கள். ஒரு பெண்ணை அப்படி வையுங்கள். கடையில் வரும் 1:87 பொம்மைகள் எல்லாம் கோட்டும் தொப்பியும் போட்டவை. தொப்பியைச் செதுக்கி எடுத்து, டிஷ்யூ காகிதத்தை நீர்த்த ஃபெவிகாலில் நனைத்துச் சுற்றினால் புடவை. ஆள் 20 மி.மீ. உயரம்தான், மடிப்பு இரண்டு தெரிந்தால் போதும். முந்தானை பின்னால் விழும் இடத்தை மட்டும் சரியாகச் செய்யுங்கள்.

விரார்ஃபாஸ்ட்:
புது உடம்பு என்றால் நிறத்தையும் மறுபடி யோசிக்கலாமே. பழைய மஞ்சள் பழுப்பு?

மாட்டுங்காமாமா:
ஆகா! 1991-இல் தாதரில் இறங்கி முதன்முதலாக ஏறியது அந்த மஞ்சள் பழுப்பில்தான். பெட்டி தலையில், தகரப் பெட்டி, எந்தப் பக்கம் இறங்குவது என்று தெரியாமல் சயானைத் தாண்டிக் குர்லா போய்விட்டேன்.

ஷெட்டில்31வருஷம்:
மஞ்சள் பழுப்பு டி.சி. (நேர்மின்சார) ரேக் என்றால் மேலே கம்பியையும் அதற்கேற்றபடி செய்ய வேண்டும், சொல்லிவிட்டேன். இங்கே 1925 பிப்ரவரி 3 அன்று வி.டி.யிலிருந்து (இப்போதைய சி.எஸ்.எம்.டி.) குர்லாவுக்கு முதல் மின்சார வண்டி ஓடியதே 1500 வோல்ட்டில்தான். அதே சக்திக்கு 25,000 வோல்ட்டை விடப் பதினாறு பதினேழு மடங்கு ஆம்பியர் இழுக்கும். அதனால் கம்பி தடி. இப்போதைய 25 கே.வி. கம்பி மெல்லிசு, ஆனால் அதைத் தாங்கும் பீங்கான் பெரிசு. மெல்லிசுக் கம்பிக்கடியில் பழைய ரேக்கை நிறுத்திப் படம் போட்டால் நான் மறுபடி எழுத வேண்டி வரும். மேற்கில் 2012-இலேயே டி.சி. போய்விட்டது. ஹார்பரில் கடைசி டி.சி. லோக்கல் 2016 ஏப்ரலில். அன்று ராத்திரி குர்லாவில் எத்தனை பேர் படம் எடுத்தார்கள் தெரியுமா. நான் எடுக்கவில்லை. தினம் பார்ப்பதுதானே என்று இருந்துவிட்டேன்.

செம்பூர்க்காரன்:
(ஒன்பது வாரம் கழித்து)

முதல் டப்பா முடிந்தது. 42 மி.மீ. அகலம், 238 நீளம். வெள்ளை ஊதாவேதான், எனக்குத் தெரிந்த லோக்கல் அதுதான். ஊதாவை வெளுத்திருக்கிறேன், விரார் ஜெயித்தார். பாதை 16.5-தான், அரைமில்லி மன்னிக்கவும். பிளாட்பாரத்தோடு வைத்து எடுத்திருக்கிறேன்.

நேரம் மத்தியானம் இரண்டு மணி. வாசலில் ஒரே ஆள். உள்ளே முதல் இருக்கையில் மூன்று பேர், நாலாவதாக ஒருவர் அரை உடம்போடு. அவரை ஒட்டுவதற்குத்தான் ரொம்பப் பாடுபட்டேன், விழுந்துகொண்டே இருந்தார். கடைசியில் தொடைக்கடியில் ஒரு துண்டுக் கம்பி குத்தி நிறுத்தினேன். நடுவழியில் இரண்டு பேர் தாராளமாக நிற்கிறார்கள். லேடீஸில் கீரை அக்கா உட்கார்ந்திருக்கிறார், கீரை என்பது ஸ்பாஞ்சு.

கூரை அடியில் மின்விசிறியும் வைத்தேன், ஆறு. ஒன்று மட்டும் சுற்றாது, அதை ஒரு ஆள் சீப்பால் தள்ளிவிடுகிறார். கூரையை மூடினால் தெரியாது.

மகளிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "இதுல இடம் இருக்கே, நாம எங்கப்பா?" என்றாள். இரண்டு பொம்மை கூட வேண்டும். சின்ன உருவம் எங்கே கிடைக்கும்? பெரியவரைக் காலை வெட்டிக் குழந்தை ஆக்கினால் தலை பெரிதாகத் தெரிகிறது.

முலுண்ட்அக்கா:
வெட்டாதீர்கள். என்னிடம் பள்ளிப் பிள்ளைகள் நாலு இருக்கிறார்கள், ஒரு ஐரோப்பிய செட்டில் மிச்சமானது. ஒருத்திக்குப் பின்னல் இருக்கிறது. செம்பூர் ஸ்டேஷனில் கொடுத்துவிடுகிறேன், எந்தப் பக்கம் நிற்பீர்கள்?

ஷெட்டில்31வருஷம்:
டப்பா நம்பர் இன்னும் எழுதவில்லை. கவனித்தேன்.